பத்துக்குப் பத்து வாங்கிய வாக்கியம்

ஜூலை 2, புதன்

ஆங்கில வகுப்பில் இன்று 'கம் வாட் மே' (come what may) என்ற தொடர். என்ன வந்தாலும் விடமாட்டேன் என்று பொருள். சொந்த வாக்கியம் எழுதச் சொன்னார் மிஸ். பக்கத்துப் பெஞ்சுக்காரி, என்ன வந்தாலும் நாளை சூரியன் உதிக்கும் என்று எழுதினாள்.

"சூரியனுக்கு யாரும்மா குறுக்க நிக்கப் போறா? தடை வரணும். வந்தும் விடக் கூடாது. அங்கதான் இதப் போடணும்" என்றார் மிஸ்.

நான் எழுதியது: என்ன வந்தாலும் என் அப்பா இந்த மாதத்துக்குள் நீச்சல் குளத்தின் அக்கரையைத் தொடுவார். நாற்பத்தாறு வயது, தண்ணீரென்றால் பயம், இப்போதுதான் நீச்சல் வகுப்பில் சேர்ந்திருக்கிறார். தடைக்கா பஞ்சம்? பத்துக்குப் பத்து! அறிவிப்புப் பலகையிலும் ஒட்டிவிட்டார்கள்.

ஜூலை 9

அப்பா குளத்திலிருந்து வந்தார். துண்டைக் கொடியில் போடப் போனேன். காய்ந்திருந்தது.

ஜூலை 12

இன்றும். மடிப்புக்கூடக் கலையவில்லை. தலை மட்டும் ஈரம். குழாயில் நனைத்திருப்பார். அப்பாவா இப்படி? வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில், லென்ஸில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் திருப்பி அனுப்புகிறவர்.

பலகையைக் கடக்கும்போதெல்லாம் என் வாக்கியம் என்னை முறைக்கிறது. இலக்கணம் சரி. உண்மை? மிஸ்ஸிடம் சொல்லி எடுத்துவிடலாமா? அப்பாவைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமே.

ஜூலை 13, ஞாயிறு

அம்மா கடைக்குப் போனதும் கேட்டுவிட்டேன். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இதக் கழட்டிட்டா அக்கரையே தெரியலடா கண்ணு. எங்க போறோம்னே தெரியாம எப்படிப் போறது? வெளிய பெஞ்சுல உக்காந்துட்டு வந்துடறேன்."

பலகை விஷயத்தைச் சொன்னேன். எடுத்துவிடச் சொல்கிறேன் என்றேன்.

"எத்தன மார்க்கு?"

"பத்துக்குப் பத்து."

"இருக்கட்டும் விடு. எனக்கு யாரு பத்துக்குப் பத்து போட்டிருக்கா."

நானும் குளத்துக்கு வருகிறேன், அக்கரையில் என் சிவப்புக் குடையை விரித்துப் பிடிக்கிறேன், அது தெரியும் என்றேன்.

"மழையே இல்லாம குடையா? சிரிப்பாங்கடா."

"சிரிக்கட்டும்ப்பா."

ஜூலை 16

சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடு. குடையை மடக்கவில்லை. அப்பா குளத்தோரக் கம்பியை விட்டார். பாதி வரை வந்தார், இருமினார், திரும்பிவிட்டார். ஆறு வயசுப் பொடிசு ஒன்று, "அங்கிள், காலை அடிங்க" என்று பாடம் எடுத்தது.

ஜூலை 30, புதன்

அம்மா கத்துகிறாள்: "ஈரத் துண்ட நாற்காலி மேல போடாதீங்கன்னு எத்தன தரம் சொல்றது?" கேட்கக் கேட்க இனிக்கிறது. இரண்டு தரம் பிழிந்துவிட்டேன், இன்னும் சொட்டுகிறது. பக்கத்தில் என் குடையும் காய்கிறது. அக்கரைக்கு வந்தவர் முதலில் அதைத்தான் பிடித்தார்.