கச்சான் காற்றும் கிணற்றடி உமியும்

மில்லுக்காரக் காக்கா, இன்றைக்குச் சுபஹு தொழுதுவிட்டு நெல் அவிக்க அடுப்பை மூட்டினேன். உமிப் புகை மூக்கில் ஏறியதும் உங்கள் முகம்தான் வந்தது. நீங்கள் மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு வீசும் முதல் கச்சான் காற்று இது. உங்களுக்காகத் துஆக் கேட்டேன். அடுத்த மூச்சிலேயே உங்களைச் சந்தேகப்பட்டேன். பழக்கம் விடவில்லை.

உங்கள் மில்லில் நெல் குற்ற வரும் பெண்கள் உமியைச் சாக்கில் கட்டிக்கொண்டு போவது ஊர் வழக்கம். அந்த உமியில்தான் அடுத்த நெல்லை அவிப்போம். நெருப்புப் பாதியில் தணிந்தால் நெல் அரைவேக்காடாகி, குற்றும்போது நொறுங்கிவிடும். அந்தக் குறுணலை யார் வாங்குவார்? என் கணவர் போன பிறகு இரண்டு பெண்பிள்ளைகளை அந்த அடுப்பை நம்பித்தான் வளர்க்கிறேன்.

பிறகு நீங்கள் உமியில் ஓடும் எஞ்சின் வாங்கினீர்கள். "சுதந்திரம் கிடைச்ச நாடு எண்ணெய்க்கு இன்னும் கப்பலப் பாத்துக்கிட்டு இரிக்கிறதா? உமி நம்மட வாசலுக்கே வருது" என்று எல்லோரிடமும் கதைத்தீர்கள். நாட்டுக்கு நல்லதுதான். என் அடுப்புக்கு? "உங்கட உமியில கை வைக்கமாட்டன் தங்கச்சி, மிச்சத்தத்தான் எரிப்பன்" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

மில் வாசலில் கிடந்த உமிக் குவியல் கரையத் தொடங்கியது. கேட்டால், "கச்சான் அள்ளிட்டுப் போகுது புள்ள, காத்த நான் கட்டிப் போடவா?"

கச்சான் மேற்கிலிருந்து கடலைப் பார்த்து வீசுவது. நான் நேரே மில்லின் கடற்கரைப் பக்கத்துத் தென்னங்கிடுகு வேலிக்குப் போனேன். காற்று அள்ளியிருந்தால் சிக்கியிருக்க வேண்டிய ஓலை இடுக்கில் ஒரு உமிகூட இல்லை. திரும்பி வந்து சனத்துக்கு முன்னால் கேட்டேன்: "காக்கா, உங்கட கச்சான் எஞ்சினுக்குள்ளயா வீசுது?" உங்கள் முகம் கறுத்துப் போனது. "எஞ்சினுக்கு மிச்சம் மட்டும் காணல்ல தங்கச்சி. அது நிண்டா உங்கட நெல்ல ஆரு குத்துற?" என்றீர்கள். அதுவும் உண்மை என்பதுதான் எனக்குக் கூடுதல் ஆத்திரம்.

அன்று பின்னேரமே மில் கிணற்றடியில் கிடுகால் அடைத்து, பெண்களுக்கென்று தனிக் குவியல் போட்டீர்கள். நீங்கள் இருந்தவரை அது குறையவில்லை. ஆனாலும் வந்தபோதெல்லாம் அந்தக் கடற்கரைப் பக்கத்து வேலியை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனேன். அது தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். தூர நின்று சிரிப்பீர்கள். நீங்கள் இல்லாத மில்லுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை காக்கா.

போகத்தான் வேண்டியிருந்தது. இப்போது மில் உங்கள் மருமகன் கையில். நேற்றுப் போனால் கிணற்றடிக் குவியல் பாதிதான் இருந்தது. "கச்சான் அள்ளிட்டுப் போகுது மாமி" என்றார். உங்கள் குரலே கேட்டதுபோல் இருந்தது. வேலிக்குப் போனேன். அங்கே உமி கிடந்தது! மருமகனை வீணாகச் சந்தேகப்பட்டேனோ என்று மனம் இளகிவிட்டது. பிறகு குனிந்து பார்த்தேன். ஓலை இடுக்கில் ஒன்றுமில்லை; வேலியடியில் மட்டும், கடகப் பெட்டியைக் கவிழ்த்ததுபோல் ஒரே குவியல்.

நான் வேலியைப் பார்ப்பேன் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டா போனீர்கள்?

அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கவே அந்த உமியைச் சாக்கில் அள்ளிக் கட்டினேன். இன்றைக்கு என் அடுப்பில் எரிவது அதுதான்.