துவைக்காத ஷால்

மூன்று முறை சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டேன். விரலிடுக்கில் இன்னும் அந்த நாற்றம் இருக்கிறது. சிக்குப் பிடித்த தேங்காயெண்ணெய், அக்குள் வேர்வை, அந்துருண்டை எல்லாம் சேர்ந்து புழுங்கிய நாற்றம். உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் சபை வாசலில் இருக்கும் ஷால் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து முதலில் மூக்கைச் சுளித்தவளே நீதான். அந்தப் பெட்டித் துணி ஒன்று இரண்டு வருடமாக என் பீரோவின் அடித்தட்டில் துவைக்காமல் கிடந்தது. உன்னைப் புதைத்த நாளில் உன் மேல் கிடந்த துணி. இன்று ஞாயிற்றுக்கிழமை, காலையில் அதை வெளியே எடுத்தேன். எதற்கு எடுத்தேன் என்று சொல்லத்தான் உனக்கு எழுதுகிறேன். நீ வாசிக்கப்போவதில்லை என்பது தெரியும். அந்தத் தைரியத்தில்தான் எழுதவே முடிகிறது.

நாம் முதலில் பேசிக்கொண்டது திருச்சுழி போகும் காலைப் பஸ்ஸில். எனக்கு ஞானஸ்நானம் ஆகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. சபை ஒழுங்குப்படி கம்மல், வளையல், தாலி எல்லாம் கழற்றியாயிற்று. அத்தோடு நான் நிறுத்தவில்லை. நைந்துபோன வெள்ளைச் சேலை, மணிக்கட்டு வரை தொளதொளவென்று தொங்கும் ரவிக்கை, வாரியும் வாராத தலை. அவலட்சணமாக இருப்பதே பரிசுத்தம் என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அவுக போயி எத்தனை வருசமாச்சு என்று இரக்கத்தோடு கேட்டார். யாரைக் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. "ஒங்க வீட்டுக்காரவுகளத்தான் கேக்கேன்" என்றார். அவுக நல்லாத்தான் இருக்காக, காலையில்தான் ஆறு இட்லி தின்றுவிட்டு லாரிப் பட்டறைக்குப் போனாக என்று சொன்னேன். முன் சீட்டுக் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு நீ சிரித்தாய். திருச்சுழி வரும் வரை சிரித்தாய்.

இறங்கும்போது நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "நீ நகைய மட்டுமா கழட்டுன? இஸ்திரிப் பெட்டியையும் சேத்துல்ல கழட்டிட்ட."

எனக்கு உன்னைப் பிடிக்கவில்லை. நீயும் நம் சபைதான், கடைசி வரிசையில் உட்காருவாய், உன் கழுத்திலும் காதிலும் ஒன்றுமில்லை. ஆனால் உன்னைப் பார்த்து எந்தப் பெரியம்மாவும் புருசன் போனதைப் பற்றிக் கேட்கமாட்டாள். அன்று வேப்பங்கொழுந்து நிறத்தில் ஒரு நூல் சேலை கட்டியிருந்தாய். விரலகலக் கரை. முழங்கையோடு நிற்கும் ரவிக்கை. கொசுவம் ஒவ்வொன்றும் எடுத்து வைத்தபடி அப்படியே நின்றது. தோளில் ஒரே ஒரு ஊக்கு, அதுவும் வெளியே தெரியாது. தாலுகா ஆபீசுக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் நான் தட்டச்சு வேலை பார்த்தேன். எதிரிலிருந்த விதைக்கடையில் நீ பில் போட்டாய். பருத்தி விதை வாங்க வரும் சம்சாரிகள் உன்னை டீச்சரம்மா என்று கூப்பிடுவார்கள். உர மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, அந்த வெக்கையில், அந்தப் புழுதியில் எப்படி உன்னால் மட்டும் அப்படி இருக்க முடிகிறது என்று எனக்கு எரிச்சலாக வரும். அதற்குப் பெருமை என்று பெயர் வைத்து, உனக்காக ஜெபம்கூடப் பண்ணினேன். நினைத்தால் இப்போது கூசுகிறது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் என்னை இழுத்துக்கொண்டு அருப்புக்கோட்டை ஜவுளிக்கடைக்குப் போனாய். எனக்கு வெள்ளை போதும் என்றேன். அப்போதுதான் நீ கொஞ்சம் கோபத்தோடு கேட்டாய். "அடக்கம்னா அழுக்கா இருக்கணும்னு எங்க எழுதியிருக்கு? காட்டு, நானும் படிக்கேன்." கடை வாசல் வெளிச்சத்துக்கு என்னைக் கூட்டி வந்து ஒவ்வொரு துணியாகக் கன்னத்தோரம் வைத்துப் பார்த்தாய். வெள்ளை வைத்தால் நான் காய்ச்சல்காரி மாதிரி இருப்பதாகச் சொன்னாய். கடைசியில் செங்கல் நிறத்தில் ஒரு சேலை. ஜிகினா கிடையாது, பூ வேலை கிடையாது. இறுக்காமல், தொளதொளக்காமல் ரவிக்கை தைக்க வேண்டும் என்று தையல்காரரிடம் நீயே போய் நின்று அளவு சொன்னாய். முதுகு மூடி, கழுத்தோரம் மெல்லிசாக ஒரு கரை, கை முழங்கையோடு.

அதைக் கட்டிக்கொண்டு உன் வீட்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்றேன். முழு உருவத்தையும் கண்ணாடியில் பார்த்து எத்தனையோ மாதமாகியிருந்தது. உடம்பு கூனாமல் நின்றது. நான் என் அம்மா பெற்ற பெண் மாதிரி இருந்தேன்.

"அழகா இருக்கேனோன்னு பயமா இருக்குடி" என்றேன்.

"இருந்துட்டுப் போயேன்" என்றாய்.

ஆனால் என்ன செய்தேன்? அந்தச் சேலையை வேலைக்கு மட்டும் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பழைய வெள்ளைக்குள் புகுந்துகொள்வேன். திருச்சுழி ரோட்டில் இருந்த நம் சபையின் தகரக் கொட்டகைக்குள் நான் வேறொரு ஆள். நீ எல்லா நாளும் ஒரே ஆளாக வந்தாய். என்னை நீ ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அப்புறம்தான் பெட்டி வந்தது. பம்புசெட்டு வாங்கியபோது வந்த அட்டைப்பெட்டி. கை சிறுத்த ரவிக்கையோ மெல்லிய துணியோ போட்டு வருகிறவர்களுக்கு வாசலிலேயே ஒரு ஷால் கொடுத்து மூட வேண்டும் என்று பாஸ்டரம்மா ஏற்பாடு செய்தார். அவரவர் வீட்டில் வேண்டாததைக் கொண்டுவந்து போட்டார்கள். பெட்டியைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்தார். நான் கண்டிப்பானவள் என்று எல்லார் முன்னாலும் பாராட்டினார். எனக்குத் தலை கால் புரியவில்லை. ஆம்பிளைகள் நெஞ்சு தெரிய இரண்டு பொத்தானைத் திறந்துவிட்டு அந்த வாசல் வழியாகத்தான் போனார்கள். அவர்களுக்கு ஒரு பெட்டியும் கிடையாது. நான் பெண்களை மட்டும் பார்த்தேன். கை எவ்வளவு, கழுத்து எவ்வளவு, முதுகு எவ்வளவு என்று பார்த்தேன். எந்தப் பொறுக்கியும் அப்படிக் கூர்ந்து பார்த்திருக்கமாட்டான். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு ஷாலை வாங்கும்போது எனக்குள் ஒரு சந்தோஷம் வரும். இதை எழுதாமல் விட்டிருக்கலாம். இருந்தாலும் எழுதுகிறேன்.

பிறகு, முழங்கையும் மூட வேண்டும் என்று சட்டம் கூடியது. அந்த ஞாயிறு நீ வேப்பங்கொழுந்துச் சேலையில் வந்தாய். உன் கை முழங்கையோடு நின்றது. பாஸ்டரம்மா பக்கத்தில் நின்றார். நான் உன் முகத்தைப் பார்க்காமல் ஒரு ஷாலை நீட்டினேன். நீ வாங்கி மோந்து பார்த்தாய். பெட்டிக்குள்ளும் எட்டிப் பார்த்தாய். மூன்று மாதமாக ஒன்றைக்கூடத் துவைத்திருக்கவில்லை, வேர்வையோடு மடித்து வேர்வையோடு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அது எனக்கு உறைக்கவே இல்லை.

"விருந்தாளிக்கு அழுக்குத் துணியவா குடுப்பீக?" என்று மட்டும் கேட்டாய். சண்டை போடவில்லை. அதைப் போர்த்திக்கொண்டு ஆராதனை முடியும் வரை உட்கார்ந்திருந்தாய். முடிந்ததும் பெட்டியை அப்படியே தூக்கி ஷேர் ஆட்டோவில் வைத்துக்கொண்டு போய்விட்டாய். அடுத்த வாரம் அத்தனையும் துவைத்து, இஸ்திரி போட்டு, அடுக்கி வந்தது. பிறகு வாராவாரம் நீயே துவைத்தாய். பாஸ்டரம்மா நீ அடங்கிவிட்டாய் என்று நினைத்தார். உன் ரவிக்கைக் கை ஒரு அங்குலம்கூட நீளவில்லை என்பதை நான் மட்டும் பார்த்தேன். நீ ஷாலைப் போட்டுக்கொண்டது அவர்களுக்குப் பணிந்து அல்ல. அடுத்து அதைப் போடப்போகிறவளுக்காக என்று இப்போது தோன்றுகிறது.

உனக்குக் காய்ச்சல் கண்டது. பத்தே நாள். மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன உன்னை வெள்ளிக்கிழமை உயிரில்லாமல் திரும்பக் கொண்டுவந்தார்கள். உன் தங்கைதான் உன்னைக் குளிப்பாட்டி உடுத்தினாள். வேப்பங்கொழுந்துச் சேலை, அதன் ரவிக்கை. கொசுவத்தை நீ வைப்பதுபோலவே வைத்திருந்தாள். பார்த்தபோது, எழுந்து பில் போடப் போய்விடுவாய் போலிருந்தது. ஆராதனைக்காக உன்னைச் சபை வாசலில் இறக்கினார்கள். பாஸ்டரம்மா வந்து பார்த்தார். உன் நெஞ்சின்மேல் மடித்து வைத்திருந்த கைகளைப் பார்த்தார். முழங்கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர்மேல் பழியைப் போட்டுவிடலாம்.

நான் போய்ப் பெட்டியைத் திறந்தேன். நீ படுத்ததிலிருந்து அதைத் துவைக்க ஆளில்லை. மேலே கிடந்ததை எடுத்தேன். சிமெண்டு நிறம், ஓரத்தில் மஞ்சள் கறை, அதே நாற்றம். ஒரு நொடி கை நின்றது. செத்தவளுக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன். அந்த நினைப்பு என் மனசிலிருந்துதான் வந்தது, வேறு யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை. கழுத்திலிருந்து கை வரை உன்னை மூடினேன். நழுவாமலிருக்க ஊக்குகூடக் குத்தினேன்.

கல்லறைத் தோட்டத்தில், கருவேலம் புதருக்கு நடுவில், சவப்பெட்டி மூடியைப் போடப்போகும் நேரத்தில் உன் தங்கை குனிந்தாள். ஊக்கைக் கழற்றினாள். ஷாலை எடுத்து நான்காக மடித்தாள். உன் முந்தியைச் சரிசெய்தாள். எல்லாரும் பார்க்க நேராக என்னிடம் வந்தாள். அழுகையும் இல்லை, சத்தமும் இல்லை.

"இது ஒங்க துணிக்கா. நீங்களே வச்சுக்கோங்க."

அதற்குப் பிறகு முதுகு வலி என்று பொய் சொல்லிப் பெட்டியை வேறொரு பெண்ணிடம் தள்ளிவிட்டேன். வேண்டாம் என்று சொல்ல வாயில்லை, வலி என்று சொல்ல வாயிருந்தது. வெள்ளையைக் கட்டிக்கொண்டு இரண்டு வருடம் போய் வந்தேன். இரண்டு வாரத்துக்கு முன் பந்தல்குடியிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் முதல் தடவையாக வந்தாள். நல்ல உடுப்பு, முழங்கை வரை கை. வாசலில் அவளுக்கு ஷால் கொடுத்தார்கள். அவள் அதை மூக்கருகே கொண்டுபோனாள். பெட்டியின்மேல் மெதுவாக வைத்துவிட்டு பஸ் நிறுத்தத்துக்குத் திரும்பி நடந்தாள். மறுவாரம் வரவில்லை. உன் விருந்தாளி அவள்தான்.

இன்று காலை செங்கல் நிறச் சேலையை எடுத்தேன். நீ அளவு சொன்ன ரவிக்கை இன்னும் சரியாக இருக்கிறது. ஒரே ஊக்கு. பீரோவிலிருந்த ஷாலை ஒரு பையில் வைத்துக்கொண்டேன். வாசலில், இப்போது பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் பெண் என் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்து ஒரு ஷாலை நீட்டினாள். நானும் இப்படித்தான் நின்றிருப்பேன். அம்மாவைக் கூப்பிடு என்றேன். பாஸ்டரம்மா வந்தார். பையிலிருந்ததை அவர் கையில் கொடுத்தேன்.

"மோந்து பாருங்கம்மா."

என்னவோ ஏதோ என்று மூக்கருகே கொண்டுபோனவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ச்சீ. யாரும்மா இத இப்பிடி வச்சிருந்தது?"

"நான்தாம்மா. இத அவ மேல போட்டதும் நான்தான்."

அவருக்கு உன் பெயர் நினைவுக்கு வந்தது என்று முகத்தில் தெரிந்தது. துணியை என் கையில் திருப்பித் திணித்தார். பாட்டு ஆரம்பிச்சாச்சு, உள்ள போம்மா என்றார். வெட்கப்பட்டாரா, நேரமாகிவிட்டது என்று நினைத்தாரா, தெரியாது. அவருக்கு நல்ல பெயர் கொடுக்கும் மனநிலையில் நான் இல்லை. பெட்டி இன்னும் வாசலில்தான் இருக்கிறது. நான் ஷால் போடாமல் உள்ளே போய்க் கடைசி வரிசையில் நீ உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். மின்விசிறிக் காற்று கையில் பட்டது. கூனாமல் உட்கார்ந்து பாடினேன்.

இப்போது அது வாளியில் ஊறுகிறது. மூன்றாவது தண்ணீரும் கறுப்பாகத்தான் இறங்கியது. துவைத்து, இஸ்திரி போட்டு உன் தங்கையிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். கொடுத்தால் என் பாரம் இறங்கும், அவள் கையில் ஏறும். வேண்டாம். அவள் அன்றைக்கே சரியாகச் சொல்லிவிட்டாள். இது என் துணி.