பட்டியலில் இருந்த உன் மாத்திரை

அக்கா,

இன்று காலை வேளாண்மை அலுவலகத்திலிருந்து, விற்கக் கூடாத பூச்சிமருந்துகளின் புதிய பட்டியல் வந்தது. கடைச் சுவரில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும். மைதாப் பசையைக் கையாலேயே தடவி ஒட்டிவிட்டுக் கழுவினேன். எல்லாம் போய்விட்டது. வலது கட்டைவிரலில் உன் பல் பதிந்த குழிகளில் மட்டும் பசை காய்ந்து வெள்ளையாக நின்றது. ஊசியால் நோண்டி எடுத்தேன். எடுக்கும்போதே உன்மேல் கோபம் கோபமாக வந்தது. என்மேல் தினமும் வருகிறது, அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பட்டியல் என்றால் எனக்கு என்னவென்று உனக்குத் தெரியும். பழனிசெட்டிபட்டியில் இந்தப் பூச்சிமருந்துக் கடையைப் போட்ட நாளிலிருந்து நான் படித்த பாடம் அது ஒன்றுதான். பேர் வந்துவிட்டால் அந்த டப்பா அலமாரியில் இருக்கக் கூடாது. "நேத்து வரைக்கும் நீதானப்பா குடுத்த" என்று திராட்சைத் தோட்டக்காரர்கள் மல்லுக்கு நிற்பார்கள். "பட்டியல்ல வந்துருச்சு, அவ்வளவுதான்" என்று நானும் கத்துவேன். அதற்கு மேல் யோசிக்க எனக்குப் பழக்கமில்லை.

மதுரையில் புற்றுநோய்க்காக உன் இடது மார்பை எடுத்த பிறகு, அது திரும்ப வராமல் இருக்க ஐந்து வருடம் தினம் ஒன்று போடச் சொல்லி அந்த மாத்திரையைக் கொடுத்தார்கள். டமாக்சிபென். தேனியில் தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் முளைத்திருந்த காலம். பி.எஸ்சி. படித்த திமிர் எனக்கு. மாத்திரை அட்டையைப் பார்த்து அந்தப் பேரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். ஏதோ ஒரு வெளிநாட்டு அரசாங்கத்தின் பட்டியல் வந்தது. மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று அறியப்பட்ட பொருள்கள் என்று தலைப்பு. ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, புகையிலை இருந்தது. புகையிலைக்குச் சற்று மேலே உன் மாத்திரை இருந்தது. பேரின்மேல் அமுக்கியிருந்தால் உள்ளே விவரம் திறந்திருக்கும். நான் அமுக்கவில்லை. பேர்கள் இருந்த தாளை மட்டும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வண்டியை முறுக்கினேன்.

சனிக்கிழமை மத்தியானம். குச்சனூர்க் கோயில் கூட்டத்தில் ஹாரனை அமுக்கிப் பிடித்தபடியே உன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். நீ சாப்பிட்டு முடித்து மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர்ச் செம்பைத் தூக்கிய நேரம்.

"துப்புக்கா! அது மருந்தில்ல, அதுவே கேன்சரைக் கொண்டுவரும்!"

"ஏலே, கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு?"

உன் தாடையை இறுக்கிப் பிடித்து விரலை உள்ளே விட்டேன். என் அக்கா, ஆபரேஷன் முடிந்து நாலு மாதம்கூட ஆகாத உடம்பு, அதை மாட்டுக்கு மருந்து புகட்டுகிறவன் மாதிரி முழங்காலால் அழுத்திப் பிடித்தேன். நீ கடித்தாய். எலும்பு வரைக்கும் இறங்கியது. அப்படியும் மாத்திரையை வழித்தெடுத்தேன், என் ரத்தத்தோடு சேர்த்து.

தடுக்க வந்த மச்சானை அறைந்தேன். ஒரே அறை, காதோடு சேர்த்து. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மீதி அட்டைகளை வாய்க்காலில் எறிந்தேன். சின்னமனூருக்குப் போய் அந்த மாத்திரையை விற்ற மெடிக்கலின் கண்ணாடியை ஸ்பேனரால் அடித்து நொறுக்கினேன். "டாக்டர் எழுதுனதத்தானய்யா குடுத்தோம்" என்று அந்த மனிதர் கைகூப்பினார். அவரையும் விடவில்லை. டானிக்கும் கண்ணாடியுமாகத் தரையெல்லாம் சிதறிக் கிடக்க, உன் உயிரைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நிறைவோடு நான் நின்றேன்.

இனி இப்படிச் செய்ய மாட்டேன் என்று போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டு மறுபடி உன் வீட்டுக்குத்தான் வந்தேன். என் கடைப் பூச்சிமருந்துப் பாட்டில் ஒன்றை நடுவீட்டில் வைத்தேன். "இனி நீ ஒண்ணு போட்டாலும் நான் இதைக் குடிச்சிருவேன்" என்றேன். அடிக்குப் பயப்படுகிற ஆள் இல்லை நீ. அந்தப் பாட்டிலுக்குப் பயந்தாய். செய்துவிடுவான் இந்தப் பாவி என்று உனக்குத் தெரியும்.

"டாக்டரம்மாவை ஒரு வார்த்தை கேட்டுக்கிருவோம்டா" என்றாய்.

"அவுகளுந்தான் கமிசன் வாங்குவாக" என்றேன்.

உனக்குத் துணையாக வந்து தங்கியிருந்த அம்மாவை நீ பார்த்தாய். அம்மா தலை குனிந்துகொண்டாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அன்று எனக்குப் புரியவில்லை. நீ மாத்திரையை நிறுத்தினாய்.

ஒரு வருடம் தாண்டி உனக்கு இடுப்பு வலித்தது. எலும்பில் இறங்கிவிட்டது என்றார்கள். மதுரையில் டாக்டரம்மா உன் சீட்டைப் புரட்டி, மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். சட்டைப்பையில் நாலாக மடித்து வைத்திருந்த அந்தத் தாளை எடுத்து நீட்டினேன். எவ்வளவு தெனாவட்டு பார்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "தம்பி, இது தடைப் பட்டியல் இல்ல. ஒரு பொருளால புத்துநோய் வரக்கூடுமான்னு ஆராய்ஞ்சு பேரை எழுதியிருக்காக. அதை யாருக்குக் குடுக்கலாம், குடுக்காட்டி என்னாகும்னு நாங்கதான் பாக்கணும். புத்துநோய்க்குக் குடுக்கிற மருந்துலயே இன்னும் சிலது இதுல இருக்கு. இந்த மாத்திரையால சில பேருக்குக் கருப்பையில வரலாம், அதுக்காகத்தான் சேத்துருக்காக. அடுத்த மார்புல வராமத் தடுக்கும்னும் அதுலயே எழுதியிருக்கு. உங்க அக்காவுக்குத்தான் கருப்பையே இல்லையேப்பா. ஒனக்குத் தெரியாதா?"

தெரியாது. நான் கல்லூரி விடுதியில் இருந்தபோது உனக்கு நடந்த ஆபரேஷனை 'வயித்துல கட்டி' என்றுதான் சொன்னார்கள். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்க வந்தேன். கருப்பையை எடுத்துவிட்டார்கள் என்று உங்கள் யார் வாயிலிருந்தும் வரவில்லை. பிறகு அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கிக் கேட்டேன். "ஆம்பளப் பயகிட்ட அதையெல்லாமா பேசுவாக?" என்று அழுதாள். வாய்க்குள் கை விடலாம், முழங்காலால் அமுக்கலாம், அந்த ஒரு வார்த்தையை மட்டும் தம்பியிடம் சொல்லக் கூடாதாம். உன்மேல் என் கோபம் அதுதான், அக்கா. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பேனா என்பது வேறு.

நிறுத்தியதால்தான் இப்படி ஆனதா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அப்படி நான் சொல்ல மாட்டேன். நிறுத்தாம இருந்திருக்கலாம்னு மட்டும் சொல்வேன்" என்றார். வார்டு வாசல் சுவரில் என் மண்டையை மோதினேன். ரத்தம் வந்ததும் ஆயாம்மாக்கள் பிடித்து இழுத்தார்கள்.

மச்சானுக்கு இன்றும் இடது காது கேட்காது. நான் வலது பக்கம் போய் நின்றுதான் பேசுகிறேன். அவர் பதில் சொல்கிறார், அதற்கு மேல் எதுவும் பேசுவதில்லை. அந்தத் தாள் இந்தப் புதுப் பட்டியலுக்குப் பக்கத்தில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. என்ன அது என்று யாராவது கேட்டால் முழுதாகச் சொல்கிறேன், கருப்பை என்ற வார்த்தையோடு.

கடைசி வாரம் உன் கட்டிலடியில் தரையில் உட்கார்ந்து, "என்னை அடிச்சுப்போடுக்கா" என்று புலம்பினேன். உன்னால் கையைத் தூக்க முடியவில்லை. என் கட்டைவிரலை மட்டும் இழுத்து வைத்து அந்தத் தழும்பைத் தடவினாய்.

"அன்னிக்கே இதத் துண்டாக் கடிச்சு எடுத்துருக்கணும்டா. ரத்தம் வரவும், பாவம் சின்னப் பயன்னு விட்டுட்டேன்" என்றாய். சிரித்தாய்கூட.

நான்கு பல் தடம் அப்படியே இருக்கிறது, அக்கா. நீ விட்டுவிட்டாய். எனக்கு விரல் இருக்கிறது, நீதான் இல்லை.