கோப்பில் இல்லாத கப்பல்

இன்று காலை திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் புது பிளெக்ஸ் பேனரைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அச்சாகி வந்தது. அந்த மை வாடை மூக்கில் ஏறியதும் உன் முகம் முன்னால் வந்து நின்றது. "இந்த நாத்தத்துக்கு நம்ம மீன் மார்க்கெட்டே மேல்டி" என்று நீ சொன்னதும் கூடவே வந்தது. பேனரில் உலக உருண்டையைச் சுற்றிக் குழந்தைகள் கைகோத்து நின்றார்கள். எல்லாம் இணையத்திலிருந்து எடுத்த குழந்தைகள். அந்தப் பள்ளியில் படிக்கிற பிள்ளை ஒன்றுகூட அதில் இல்லை.

நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். திட்டாதே. உலகக் குடிமைக் கல்வி தருகிற பள்ளி என்று அங்கீகாரம் வாங்க என்னென்ன காட்ட வேண்டுமோ அதையெல்லாம் திரட்டிக் கோப்பாக்கிக் கொடுக்கிற வேலை. பிள்ளைகள் வேற்று நாட்டாரை மதிக்கிறார்களா? சான்று இணைக்கவும். பூமியைப் பற்றிக் கவலைப்படுகிறார்களா? சான்று இணைக்கவும். கவலைப்படுகிற பிள்ளையை எப்படிப் போட்டோ எடுப்பது என்று இன்றைக்கும் ஓர் ஆசிரியர் என்னைக் கேட்டார். மரக்கன்று பக்கத்தில் நிறுத்துங்கள் என்றேன். வருஷக்கணக்காக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரே மரக்கன்றை வைத்து ஆறாம் வகுப்பு முழுவதும் கவலைப்பட்டு முடித்தது.

உன் பள்ளிக்கு என்னைக் கூப்பிட்டது நீதான். அதை மறந்துவிட்டு என்மேல் பழி போடாதே. ஆசிரியர் பயிற்சியில் நாம் ஒரே பெஞ்சு. நீ ராயபுரத்துக் கோயில் தெருப் பெண், அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். நான் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து மளிகைக் கடை போட்டவர் வீட்டுப் பெண். நீ காசிமேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்வழி நடுநிலைப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியை ஆனாய். நான் இப்படிக் கோப்போடு அலைகிறவள் ஆனேன்.

புதுப் பிள்ளைகள் சேராவிட்டால் வருகிற ஜூனில் ஆறு முதல் எட்டு வரை மூடிவிடுவோம் என்று உங்கள் நிர்வாகம் சொல்லிவிட்டது. அங்கீகாரம் வாங்கி வாசலில் போர்டு வைத்தால் பெற்றோர் வருவார்கள் என்று அவர்களில் யாருக்கோ தோன்ற, நீ எனக்குப் போன் செய்தாய். "அடுத்த ஸ்கூலு கன்டெய்னர் லாரி ரோட்டுக்கு அந்தாண்ட கீது. பசங்க எப்டியாவது பூடுவானுங்க. பொம்பளப் புள்ளைங்கள அஞ்சாவதோட நிறுத்திடுவாங்கடி. எப்டியாவது வாங்கிக் குடு" என்றாய். எப்படியாவது என்று சொன்னது உன் வாய்தான்.

சொல்லிவிட்டு நான் கேட்ட எதையுமே செய்யவில்லை. உலக நாடுகள் தினம் வைத்துப் பிள்ளைகளுக்கு வேஷம் போடச் சொன்னேன். "ஜப்பான்காரி மாதிரி கொண்ட போட்டா ஜப்பான் தெரிஞ்சுடுமா? போடி" என்றாய். வெளிநாட்டுப் பள்ளி ஒன்றோடு வீடியோ அழைப்புக்கு நான் நாய்படாத பாடு பட்டு ஏற்பாடு செய்தேன். நெட் திக்கித் திக்கி, அந்த ஊர் ஆசிரியையின் நெற்றி மட்டும் தெரிந்தது. அரை மணி நேரம் பிள்ளைகள் அந்த நெற்றிக்கு டாட்டா காட்டினார்கள். மறுபடி ஒரு முறை என்று நான் ஆரம்பித்ததும் நீ எழுந்து போய்விட்டாய். மதிப்பீட்டாளர் வரும்போது சொல்ல வேண்டிய பதில்களைத் தட்டச்சு செய்து கொடுத்தால், அதன் பின்பக்கத்தில் சத்துணவுக் கணக்கு எழுதி வைத்திருந்தாய். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

அப்போதுதான் அந்தக் கப்பல். உங்கள் பள்ளி மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் கடலில் நிற்பது தெரியும். கம்பெனிக்காரன் கைகழுவிவிட்டான். பர்மாக்காரர், பிலிப்பைன்ஸ்காரர் என்று பத்துப் பதினைந்து பேர், கப்பலையும் விட முடியாமல் கரையிலும் இறங்க அனுமதியில்லாமல் மாதக்கணக்கில் அதிலேயே கிடந்தார்கள். ஏழாம் வகுப்பு மேகலாவின் அப்பா ஃபைபர் போட்டில் போகும்போது அவர்களுக்குக் குடிதண்ணீர் கேனும் மீனும் கொடுத்துவிட்டு வருவார். அவள் அதை வகுப்பில் சொல்ல, நீ பாடப் புத்தகத்தை மூடிவிட்டாய்.

மறுநாளே அந்தப் போட்டில் கடிதங்கள் போக ஆரம்பித்தன. "குட் மார்னிங் அங்கிள். டுடே மை ஹவுஸ் சங்கரா ஃபிஷ். யூ ஈட்?" என்று ஒன்று. இலக்கணத்தைத் திருத்தாமல் அப்படியே அனுப்பினாய். நூடுல்ஸ் அட்டைகளின் பின்பக்கத்தில் பதில் வந்தது. சமையல்காரர் ஒருவர் தன் மகளைப் படம் வரைந்து, உன் வயசுதான் என்று எழுதியிருந்தார். பிள்ளைகள் அட்லஸில் அவருடைய ஊரைத் தேடினார்கள். ஒரு மனுஷன் தரையில் கால் வைக்க யாரிடம் பர்மிஷன் கேட்க வேண்டும் என்று ஒரு பிள்ளை கேட்டதாம். உனக்கும் தெரியவில்லை. யார் யாரையோ கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து சொன்னாய். கடைசியில் வகுப்பே கூடித் துறைமுக அதிகாரிக்கு ஒரு மனு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியது. கொஞ்ச நாளில் அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அந்த மனுவால்தானா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பிள்ளைகளுக்குச் சந்தேகமே இல்லை.

கடிதங்களையும் அட்டைகளையும் மனுவின் நகலையும் அடுக்கி என் முன்னால் வைத்தாய். "இந்தா, நீ கேட்ட சான்று."

"ஃபாரத்துல இதுக்குக் கட்டமே இல்லடி. கூட்டாளிப் பள்ளி பேரு கேக்குது. கப்பல் பேரு கேக்கல."

"கட்டம் இல்லன்னா ஒண்ணு போட்டுக்க. ஸ்கேலு வேணுமா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். அந்தச் சிரிப்புதான் எனக்குத் தாங்கவில்லை. கோப்பு கொடுக்க வேண்டிய கடைசி நாள். ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டு உன் பக்கங்கள் முழுவதையும் உருவி என் பைக்குள் போட்டேன். வேறொரு பள்ளியில் நடந்த உலக நாடுகள் தினப் படங்கள் என்னிடம் இருந்தன. அவற்றை அந்த இடத்தில் வைத்தேன். வேஷத்துக்குள் சீருடை தெரியாது, எந்தப் பள்ளிப் பிள்ளை என்று எவருக்கும் தெரியாது. இந்த வேலையில் இருக்கிறவளுக்குத்தான் இப்படியெல்லாம் புத்தி போகும்.

அங்கீகாரம் வந்தது. உங்கள் பண்பாட்டு விழா மனதைத் தொட்டது என்று அறிக்கையில் தனியாக ஒரு வரி. நீ அதைப் படித்தாய், படங்களைப் புரட்டினாய். "யார்டி இந்தப் புள்ளைங்க?" என்று கேட்டாய்.

சொன்னேன். நீ கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தித் தீர்த்திருப்பேன். உண்மையை எழுதிப் போட்டால் அங்கீகாரம் போகும், வகுப்புகளும் போகும் என்றேன். நீ படங்களை மூடி வைத்துவிட்டு, "எங்கியும் எழுத வேணாம். நீ வந்து என் புள்ளைங்க கையில சொல்லு. அவங்க லெட்டருங்கள நீதான் எடுத்தேன்னு சொல்லு. அது போதும்" என்றாய்.

அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். நாலைந்து முறை அப்படிச் சொல்லியிருப்பேன். நீ ஒவ்வொரு முறையும் "சரி" என்றாய். ஜூனில் பிள்ளைகள் சேர்ந்தார்கள், வகுப்புகள் தப்பின. ஒரு நாள் பள்ளியிலிருந்து வீடு திரும்பியவள் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். அவ்வளவுதான். காசிமேட்டுக் கல்லறையில் உன்மேல் ஒரு பிடி மண் போட்டபோதும் எனக்குத் துக்கத்தைவிட எரிச்சல்தான் அதிகமாக இருந்தது. ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா?

இன்றைக்கு அந்தப் பேனர் பள்ளியில் வேலை முடித்துக் கிளம்பும்போது பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஓடி வந்தாள். "மிஸ், காசிமேட்டு ஸ்கூலுக்கு வருவீங்களே, நீங்கதானே? நான் மேகலா மிஸ்." ஆள் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள்.

"எங்க லெட்டருங்கள நீங்கதான் ஃபைல்லேர்ந்து எடுத்தீங்களாமே" என்றாள். நான் வாசல் பக்கம் நகர்ந்தேன்.

"பெரிய மிஸ்ஸு சொன்னாங்க. எங்க நைனா பர்மிஷன் இல்லாம கப்பலாண்ட போனாரு இல்ல? அது ஃபைல்ல போனா எங்க போட்டப் புடிச்சு வெச்சுக்குவாங்கன்னு நீங்கதான் யோசிச்சு எடுத்துட்டீங்களாம். நைனா இன்னமும் சொல்லிக்கினே கீறாரு மிஸ், அவங்களப் பாத்தா என் பேரால ஒரு கும்புடு போட்டு வா அப்டின்னு." சொல்லிவிட்டுப் பாதையிலேயே கையெடுத்துக் கும்பிட்டாள்.

நீ என்னதான் நினைத்துக்கொண்டு அப்படிச் சொன்னாய்? ஜெராக்ஸ் கடையில் அந்த மனிதருடைய நினைப்பு எனக்கு ஒரு நொடிகூட வரவில்லை. உனக்குத் தெரியும். அப்படி ஓர் ஆபத்து இருக்கிறது என்பதே உனக்கும் பிறகுதான் தோன்றியிருக்க வேண்டும். வருகிறேன் வருகிறேன் என்று நான் வராமல் போனதும், பிள்ளைகளுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டி வந்ததும், நீயாக எனக்கு ஒரு நல்ல காரணம் தைத்துப் போட்டுவிட்டாய். கல்யாணத்துக்குப் போன பிள்ளை காய்ச்சல் என்று லீவு லெட்டர் எழுதினால் திருப்பி எழுத வைக்கிறவள் நீ. உன்னை யார் கேட்டார்கள்?

இல்லம்மா, நான் அதற்காக எடுக்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் அவளுடைய பெரிய மிஸ் பொய்க்காரி ஆகிவிடுவாள். வந்து சொல்லு என்று கேட்டவளும் நீ, சொல்ல முடியாமல் குறுக்கே நிற்கிறவளும் நீ. நான் தலையை ஆட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே வகுப்புக்கு ஓடிவிட்டாள்.

எனக்குச் சேராத அந்தக் கும்பிடு என்னிடமே இருக்கிறது. நீ உயிரோடு இருந்தால் ராயபுரம் முழுக்கக் கேட்கிற மாதிரி சண்டை போட்டாவது உன்னிடம் திருப்பிக் கொடுத்திருப்பேன். இப்போது யாரிடம் போய்க் கொடுப்பேன், சொல்லடி.