முளைக்காத ஐந்தாம் தட்டு

ஜூன் 3

பெரணி நாட்டு மகாராணியான அக்காவுக்கு,

வாலு எழுதுவது. உன் பெரணிகள் பேரணி கிளம்பிவிட்டனவா? லீவுக்கு வந்தபோது காகிதத்தில் மடித்து வைத்திருந்தாயே, ஐந்து பொட்டலம் வித்துத்தூள், எல்லாம் முளைத்ததா? சும்மாதான் கேட்கிறேன். அம்மாவுக்கு விடாத இருமல். கஷாயத்துக்குப் பெரணி இலை அனுப்பு. ஐந்தாவது பொட்டலம் என்ன ஆனது என்று மறக்காமல் எழுது.

உன் வாலு

ஜூன் 12

அன்புள்ள வாலுவுக்கு,

இலை அனுப்பியிருக்கிறேன். தண்ணீரில் முக்கினாலும் நனையாது. இந்தப் பேரினமே அப்படி. நன்றாகக் கொதிக்கவிடு.

இங்கே ஆய்வகத்தில் விதைத்ததில் நாலு தட்டில் பச்சை படர்ந்துவிட்டது. ஐந்தாவதில் வெறும் பூஞ்சணம். அதன் தாய்ச்செடி இருந்த பாறையைச் சாலைக்காக உடைத்துவிட்டார்கள். இனி அந்த வித்து எங்கும் கிடைக்காது. எங்கள் தோட்டக்காரர் கொதிக்கவைக்காத பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கெடுத்துவிட்டார் என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். "கொதிக்கவெச்சு ஆறவெச்சுதாம்மா ஊத்தினேன்" என்றார். நம்பவில்லை. மறுநாளிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை.

அன்புடன்,
அக்கா

ஜூன் 16

அக்கா,

போனில் சொன்னால் நடுவில் சிரித்துத் தொலைப்பேன். அதனால் எழுதுகிறேன்.

ஐந்தாவது பொட்டலத்தைப் பிரித்தது நான்தான். அந்தத் தூளில் மீசை வைத்துக்கொண்டு, கண்ணாடி முன்னால் அப்பா மாதிரி கனைத்தேன். தும்மல் வந்தது. மீசையும் போச்சு, வித்தும் போச்சு. கோகோ பொடியை நிரப்பி மடித்து வைத்தேன். வாசனையிலேயே பிடித்துவிடுவாய், முதுகில் ரெண்டு வைப்பாய் என்று நினைத்தேன். உனக்கு அன்று பார்த்து ஜலதோஷம். ஸ்டேஷனில் சொல்ல வாயெடுத்தேன். "அஞ்சாவதுதான்டி என் உயிரு" என்றாய். வாயை மூடிக்கொண்டேன்.

தோட்டக்காரர் சரியாகத்தான் ஊற்றியிருக்கிறார், கோகோவுக்கு. பார், இப்போதும் எனக்கு ஜோக்தான் வருகிறது. சாப்பாடு இறங்கவில்லை, அக்கா. அவரைத் திரும்பக் கூப்பிடு.

வாலு

ஜூன் 21

வாலுவுக்கு,

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். நான் வாய் திறப்பதற்குள், "அன்னைக்குத் தண்ணி கொதிச்சுதா இல்லையான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா, மன்னிச்சிடுங்க" என்றார். செய்யாத தப்புக்கு.

மன்னிப்புக் கேட்டுவிட்டு உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். மனைவியையும் உள்ளேயிருந்து கூப்பிட்டு, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வேலைக்குத் திரும்பி வரமாட்டாராம். கடிதத்தை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

அக்கா