கழற்றிய புராசஸர்

மார்ச் 3, திங்கள்

ஆறு மாடிக் கட்டடத்து லிப்ட், மூன்றாவது மாடியில் நின்றுவிடுகிறது என்று புகார். கதவு சென்சாரில் தூசி. துடைத்தேன், ஓடியது. எல்லாப் பழுதும் இப்படியே இருந்துவிட்டால் என்ன?

மாலை மனைவியோடு மருத்துவமனை. பதினெட்டாம் தேதி அறுவை சிகிச்சை. குரல்வளையை முழுவதுமாக எடுத்துவிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாகப் பேருந்து நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் என்று ஊருக்கே சொல்கிறவள். வெளியே வந்ததும், "பதினேழு வரைக்கும் டியூட்டி போடச் சொல்லட்டுமா?" என்றாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

மார்ச் 4

பேச்சுப் பயிற்சி தரும் அம்மா ஒரு மென்பொருள் கொடுத்தார். குரல் இருக்கும்போதே முந்நூறு வாக்கியமாவது வாசித்துப் பதிவு செய்துவிட்டால், பிறகு அவள் தட்டச்சு செய்வதைக் கணினி அவள் குரலிலேயே பேசுமாம். முந்நூறுக்குக் குறைந்தால் குரல் உருவாகாது.

வீட்டுக் கணினிக்கு எட்டு வயது. இரண்டாவது வாக்கியத்திலேயே உறைந்து நின்றது. புராசஸருக்கு அவ்வளவு தெம்பு இல்லை. மச்சினன் கேள்விப்பட்டு, "என் லேப்டாப்பை வச்சுக்கங்க மாமா, ஒரு வாரம் எனக்கு வேண்டாம்" என்றான். அக்காவுக்காகச் சொல்கிறான். நான் வேண்டாம் என்றேன். இருபத்தாறு வருடம் லிப்ட் பிரித்து மாட்டுகிறவன் வீட்டில் இரவல் மெஷினா? அதே போர்டில் உட்காரும் பெரிய புராசஸராகப் போட்டால் தீர்ந்தது. ஒரு மணி நேர வேலை.

மார்ச் 6

புராசஸர் வாங்கி வந்தேன். பழையதைக் கழற்றி, புதியதை உட்கார வைத்து, சூடு கடத்தும் பேஸ்ட் தடவி, ஃபேனை மாட்டினேன். கழற்றியதன் அடியில் இருந்த ஊசிகளைக் குறட்டால் நசுக்கிப் போட்டேன். எங்கள் தொழிலில் அப்படித்தான். கழற்றிய பிரேக் கட்டை முழுசாகக் கிடந்தால் எவனாவது தெரியாமல் இன்னொரு லிப்ட்டில் மாட்டிவிடுவான், ஆள் போய்விடும். அதனால் கழற்றிய கையோடு சிதைத்துவிடுவோம். யோசிக்கவே இல்லை, கை தானாகச் செய்தது.

பவர் போட்டேன். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பு.

பின்னாலிருந்து அவள், "இந்தப் பக்கம் திரும்பி உக்காருங்களேன். கொஞ்சம் பேசணும்" என்றாள். ஒரு நிமிஷம் என்றேன். நான் நிமிர்ந்தபோது அடுப்படிக்குப் போயிருந்தாள்.

மார்ச் 7

ரேமைக் கழற்றி மாட்டினேன். போர்டில் இருக்கும் பொட்டு பேட்டரியை எடுத்துப் போட்டேன். கறுப்பு.

மார்ச் 8, சனி

பவர் சப்ளையை மாற்றியும் கறுப்புதான். நாள் முழுக்கக் குனிந்தே இருந்ததில் முதுகு போயிற்று. அவள் பின்னால் உட்கார்ந்து, வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். எழுத உட்கார்ந்தால் ஒரு வார்த்தை ஞாபகத்தில் இல்லை. ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம் என்று எத்தனை தடவை சொன்னேனோ. "உங்க ஒரு நிமிஷத்துக்குள்ள எங்க வண்டியெல்லாம் போயிடும்" என்றாள். குரல் கம்மிவிட்டது.

மார்ச் 10

புராசஸர்தான் கோளாறு என்று கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். கடைக்காரர் அதை வேறு போர்டில் மாட்டிக் காட்டினார். பளிச்சென்று ஓடியது.

"உங்க போர்டு வந்தப்போ இந்த புராசஸர் பொறக்கவே இல்ல சார். போர்டுல இருக்கிற பயாஸ்ங்கிற புரோகிராமை அப்டேட் பண்ணினாத்தான் இதை அடையாளம் கண்டுக்கும். பழசை மாட்டி ஆன் பண்ணுங்க, அப்டேட் போடுங்க, அப்புறம் புதுசு. பழசு பத்திரமா இருக்கில்ல?"

இருக்கு என்றேன்.

ஏன் பொய் சொன்னேன்? உண்மையைச் சொல்லியிருந்தால் அவரே ஏதாவது வழி பண்ணியிருப்பார்.

மார்ச் 11

லென்ஸும் தையல் ஊசியுமாக, நசுக்கிய புராசஸர் முன்னால் உட்கார்ந்தேன். பதினாறு ஊசி நிமிர்ந்தது. பதினேழாவது முறிந்து கையோடு வந்துவிட்டது. பதினெட்டாவதும்.

அவளிடம் சொன்னேன். கோபித்திருந்தால் பரவாயில்லை. அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "என் தொண்டையிலேர்ந்து எடுக்கிறதையும் நசுக்கிடுவீங்களா?" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகிவிட்டது. குழாயடியில் போய் நின்று முகம் கழுவினேன். கழுவக் கழுவ அழுகை நிற்கவில்லை. அடப்பாவி, என்னடா பண்ணி வச்சிருக்கே! உன் வீம்புக்கு அவளோட ஏழு நாள் போச்சே!

மார்ச் 12

மச்சினனுக்குப் போன் செய்ய இரண்டு தடவை எடுத்து, இரண்டு தடவையும் வைத்துவிட்டேன். மூன்றாவது தடவைதான் பேசினேன். வேலையாக வெளியூரில் இருக்கிறான், லேப்டாப்பும் அங்கே. இருபதாம் தேதிதான் திரும்புவான். அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எங்க ஆபீஸ் ஸ்டோர்ல உங்க கம்ப்யூட்டர் மாடல்லயே ஒரு மெஷின் சும்மா கெடக்கு மாமா. வாட்ச்மேன்கிட்ட சொல்லிடறேன், போய் அதுல இருக்கிற புராசஸரைக் கழட்டிக்கங்க."

மார்ச் 13

இரவல் புராசஸரை மாட்டினேன். திரை எரிந்தது. அப்டேட் போட்டேன். பாதியில் கரண்ட் போனால் போர்டே செத்துவிடும். ஏழு நிமிடம், திரையில் அப்டேட் கோடு நகர்வதைப் பார்த்தபடி அவளும் பக்கத்தில் நின்றாள். பிறகு புதியதை மாட்டினேன். எரிந்தது!

கழற்றிய இரவலைப் பஞ்சு வைத்துப் பெட்டியில் போட்டேன். அதற்கு முன்பே குறட்டைக் கொண்டுபோய் அடுத்த அறையில் வைத்துவிட்டேன்.

மார்ச் 14

அறுபத்தொரு வாக்கியம். ஒரு மணி நேரத்துக்கு மேல் தொண்டை தாங்கவில்லை. எல்லாவற்றையும் வண்டி புறப்படுவதை அறிவிக்கிற மாதிரியே வாசிக்கிறாள். வீட்டில் பேசுகிற மாதிரி வாசி என்றேன். "மைக்கைப் பார்த்தா இப்படித்தாங்க வருது."

மார்ச் 15

நூற்று நாற்பது.

மார்ச் 16

இருநூற்றுப் பதினெட்டு. கடைசிப் பத்தில் பாதி மூச்சுக்காற்றுதான்.

மார்ச் 17, திங்கள்

நாலு மணிக்கு மருத்துவமனையில் சேர வேண்டும். காலையிலேயே ஆரம்பித்து, வெந்நீர் குடித்துக் குடித்து வாசித்தாள். மதியம் முந்நூற்று நான்கு. "இன்னும் வேணுமா?" என்றாள். போதும் என்று மைக்கை அணைத்தேன்.

நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தேன். என்னவோ பேசணும்னியே, பேசு என்றேன்.

யோசித்தாள். "இப்ப ஒண்ணும் தோணலியே" என்றாள்.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

மார்ச் 18

ஐந்து மணி நேரம். நல்லபடியாக முடிந்தது என்றார்கள்.

மார்ச் 30

வீட்டுக்கு வந்துவிட்டாள். கை தட்டிக் கூப்பிடுகிறாள். ஒரு தடவை தட்டினால் தண்ணீர் வேண்டும், இரண்டு தடவை என்றால் நான் வர வேண்டும்.

ஏப்ரல் 9, புதன்

மென்பொருள் குரலை உருவாக்கிவிட்டதாக நேற்றே செய்தி வந்திருந்தது. இன்று மாலை ஜன்னலோரம் மேஜை ஃபேனைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

"இந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க. கொஞ்சம் பேசணும்."

ஏதோ வண்டி புறப்படுகிற அறிவிப்பு மாதிரி.

"ஒரு நிமிஷம்" என்று என் வாய் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகுதான் கை நின்றது.

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். கணினி முன்னால் உட்கார்ந்து அவள் அடுத்ததைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஒற்றை விரலால்தான் தட்டுகிறாள், ரொம்ப நேரம் ஆகிறது. நான் உட்கார்ந்திருந்தேன்.