பன்னிரண்டு மீட்டர் வயர்

3 பிப்ரவரி 2015, செவ்வாய்

வெள்ளை டூலிப் பூ இன்றும் கைநழுவிப் போய்விட்டது. பூ ஏலக் கடிகாரத்தின் முள் மேல்விலையிலிருந்து கீழே இறங்கும். முதலில் நிறுத்துகிறவனுக்குச் சரக்கு. நான் வீட்டிலிருந்து கணினியில் நிறுத்துகிறேன். என் அழுத்தம் போய்ச் சேருவதற்குள் ஆரி நிறுத்திவிடுகிறான். அவன் இன்னும் ஏலக்கூடத்திலேயே உட்கார்ந்து வாங்குகிற ஆள்.

ஆகஸ்ட் இடியில் கணினியில் இணைய வயர் செருகும் துளை கருகியது. அன்றிலிருந்து வைஃபைதான். அது ஒருநாள் ஓடும், ஒருநாள் நொண்டும். அழுத்தம் பிந்திப் போய்ச் சேர்வதால், நினைத்த விலைக்கு நாலு சென்ட் மேலே முள் இருக்கும்போதே தட்டிவிடுகிறேன். பாதி நாள் பலிக்கிறது.

பிரேமன் நகரிலிருந்து லூடர்ஸ் அம்மா போனில் பேசினார். ஒன்பது பூக்கடை வைத்திருப்பவர், என் வியாபாரத்தில் மூன்றில் ஒரு பங்கு அவர்தான். "ஹார்மன், நீங்க நல்லவர்னு சொல்லி என் ஜாடி நிறையாது. மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன். வெள்ளை வரலைன்னா ஆரிகிட்ட போயிடுவேன்." கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் மோசம்.

5 பிப்ரவரி, வியாழன்

நெட்வொர்க் கார்டு வாங்கினேன், பதினாலு யூரோ. கடைக்காரன் புதுக் கணினியையே தலையில் கட்டப் பார்த்தான். "ஆறு வருஷப் பெட்டி சார் இது." "என் வேனுக்குப் பதினாறு வயசு. பூ வாடாமதான் போகுது" என்றேன்.

7 பிப்ரவரி, சனி

ஏலம் இல்லை. பெட்டியைக் கழற்றினேன். உள்ளே ஆறு வருட மகரந்தத்தூள். பின்பக்கம் காய்ந்த இலை ஒன்று.

கார்டு இடத்தில் உட்கார்ந்தது, ஆனால் அதன் தகரப் பட்டை நீளம். பெட்டியோ ஒல்லி. தகரக் கத்தரியை எடுத்துவிட்டேன். என் மனைவி கெர்டா வந்து கார்டு வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தாள். குட்டைப் பட்டை ஒன்று விழுந்தது. "பாக்குறதுக்கு முன்னாடி வெட்டு. கல்யாணத்தன்னிக்கும் கேக்கை அப்படித்தான் வெட்டுன."

பட்டையை மாற்றித் திருகினேன். பன்னிரண்டு மீட்டர் வயரைப் பூ வைக்கும் குளிரறைச் சுவர் வழியாக நடைபாதை மோடத்துக்கு இழுத்தேன். பச்சை விளக்கு எரிந்தது, வேகம் மட்டும் பழையபடி. கணினி இன்னும் வைஃபையையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அணைத்துப் போட்ட பிறகுதான் வழிக்கு வந்தது.

பட்டாணிச் சூப். நிம்மதியான தூக்கம்.

9 பிப்ரவரி, திங்கள்

அழுத்தியதெல்லாம் கிடைத்தது. ஒன்றுவிடாமல். அதுதான் கேடு.

வெள்ளை டூலிப் தண்டுக்கு இருபத்தாறு சென்ட், இருபத்தேழு, மறுபடி இருபத்தாறு. ஊர் விலை இருபத்திரண்டு. ஆரி உடனே போன். "டேய் ஹார்மன், பிரேமன்ல காதலி எதுவும் வெச்சிருக்கியா? இந்த விலைக்கு நான் என் பெண்டாட்டிக்கே பூ வாங்க மாட்டேன்!" பின்னால் கூட்டமே சிரித்தது.

காதலர் தின வாரம், அதனால் விலை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். பொய்.

10 பிப்ரவரி, செவ்வாய்

இன்றும். இருபத்தேழு.

11 பிப்ரவரி, புதன்

கார்டில் குறையில்லை. அழுத்தினால் அந்த நொடியே நிற்கிறது. குறை என் கட்டைவிரலில். ஆறு மாதமாக நாலு சென்ட் முந்தித் தட்டிப் பழகிவிட்டது. இருபத்திரண்டு வரட்டும் என்று மனம் சொல்கிறது, விரல் கேட்பதில்லை. வயரை மாற்ற ஒரு மணி நேரம் ஆனது. விரலை எந்தக் கடையில் மாற்றுவது?

13 பிப்ரவரி, வெள்ளி

வலக்கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு இடக்கையால் வாங்கினேன். இடக்கை பிந்துகிறது. இரண்டு வண்டிச் சரக்கு தவறியது. ஐம்பத்தெட்டு வயதில் இது என்ன பிழைப்பு?

16 பிப்ரவரி, திங்கள்

முதல் வண்டியே இருபத்தாறு. பக்கத்து மேசையில் பில் போட்டுக்கொண்டிருந்த கெர்டா பேனாவை வைத்தாள்.

"எழுந்திரு."

"நீ பட்டனைத் தொட்டதே இல்லையே."

"தொடாத விரல்தானே இப்போ வேணும்?"

பத்தொன்பது வருடமாகப் பில் போடுகிறாள், எல்லா விலையும் அவளுக்கு அத்துப்படி. எழுந்தேன். முள் இருபத்தைந்து, இருபத்து நாலு... அவள் அசையவில்லை. என் விரல் காற்றில் துடித்தது. இருபத்து மூன்று. "தட்டேன்டீ!" என்று கத்திவிட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருபத்திரண்டில் தட்டினாள். நாங்கள் நினைத்த விலை.

காபி போட்டுக் கொடுத்தேன்.

20 பிப்ரவரி, வெள்ளி

ஐந்து நாளும் பிரேமனுக்கு வெள்ளை போயிருக்கிறது. இருபத்திரண்டுக்கு மேல் ஒருநாளும் இல்லை. இன்று இருபத்தொன்று. லூடர்ஸ் அம்மாவிடம் விலை பேசுவதும் இப்போது கெர்டாதான்.

27 பிப்ரவரி, வெள்ளி

லூடர்ஸ் அம்மா போன். நான்தான் எடுத்தேன். "கெர்டா இருக்காங்களா? மகளிர் தினச் சரக்கு பத்திப் பேசணும்." ஆரி பெயரே வரவில்லை. போனைக் கொடுத்துவிட்டுக் குளிரறைக்குப் போனேன். வாளிகளில் தண்ணீர் மாற்ற ஆள் வேண்டுமே.

9 மார்ச், திங்கள்

ஆரி போன். "என்னடா, இப்பெல்லாம் கல்நெஞ்சன் மாதிரி வாங்குற? முன்ன ஏலக்கூடத்துல உன் பக்கத்துல உக்காந்து இருபது வருஷம் வாங்குனவன் நான், இந்தக் கை எனக்குத் தெரியலையே?"

மழுப்பியிருக்கலாம். மழுப்பவில்லை. "என் கை இல்லப்பா. கெர்டாவோடது."

"அப்ப நீ என்ன பண்ற?"

"வாளி தூக்குறேன்."

சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

குளிரறைக்குக் கையுறை வாங்கவேண்டும். சாயங்காலம் என் நாற்காலியின் திருகைத் தளர்த்தி, கெர்டாவின் உயரத்துக்கு ஏற்றி, இறுக்கிவிட்டேன்.